ஐதரசனும் உருக்கும்
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் பதிலாக ஐதரசன் வாயுவைப் பயன்படுத்த இன்று உலகம் முயல்கின்றது. வெயிலாலும் காற்றாலும் பெறும் மின்சாரங்கொண்டு நீரைப் பகுத்து அதனைப் பெறலாம். எரித்தால் அது மீண்டும் நீராகின்றது. புகையில்லை, கரியில்லை. ஆயின், அதனை எதில் அடைத்து, எவ்வழியே கொண்டுசெல்வது என்பதே பொறியியலாளரின் கவலை.

ஏன் கவலை? ஐதரசன் மூலக்கூறு உருக்கின் மேற்பரப்பிலே தனி அணுக்களாகப் பிரிந்துவிட்டால், அவ்வணுக்கள் இரும்பணுக்களின் இடைவெளிகளினூடே ஊர்ந்து உட்புகும். இழுவிசை மிகுந்த இடங்களையும், மயிரிழை வெடிப்புகளின் நுனியையும் நாடிச் சேரும். அங்கே உருக்கு வளைந்துகொடுக்கும் இயல்பை இழந்து, சடுதியாக முறியும்.

1875 ஆம் ஆண்டில் வில்லியம் ஜோன்சன் என்னும் ஆங்கிலேயர் இதனை இலண்டன் றோயல் சங்கத்துக்கு அறிவித்தார். அமிலத்தில் தோய்ந்த இரும்புக் கம்பி வளைக்கும்போது ஒடிந்தது. சிலநாள் வைத்திருந்தபின் பழைய நிலைக்கு மீண்டது. அமிலமன்று, உட்புகுந்த ஐதரசனே காரணம் என அவர் கண்டார்.

138 ஆண்டுகள் கழிந்தும் அப்பாடம் முடியவில்லை. 2013 இல், சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாந்தையும் இணைக்கும் புதிய பாலத்திலே, நாகமுலாமிட்ட 96 உருக்கு மரைக்கம்பிகளுள் 32, முடுக்கப்பட்ட சில நாட்களில் முறிந்தன. வாகனங்கள் ஓடத் தொடங்குமுன்னரே இது நிகழ்ந்தது. அவை மிக உயர்ந்த வலிமையுடைய உருக்கு. விந்தை யாதெனில், வலிமை கூடக்கூட உருக்கு இந்நோய்க்கு எளிதில் இரையாகின்றது என்பதே.

பழைய இயற்கைவாயுக் குழாய்களிலே ஐதரசனை அனுப்பலாமே என்பார் உளர். வலிமை குறைந்த உருக்கும் முற்றாகத் தப்புவதில்லை. அமுக்கம் ஏறியிறங்குந்தோறும், குழாயிலுள்ள சிறு வெடிப்பு ஐதரசனில் பன்மடங்கு விரைந்து வளரும். ஆகவே குழாயின் உருக்கையும் ஒட்டுகளையும் சோதித்தபின்னரே அனுப்புதல் தகும்.

பரிகாரமும் உண்டு. முலாமிட்ட மரையாணிகளை உடனே ஏறத்தாழ 200 பாகை சதமத்தில் பல மணிநேரம் சூடாக்கினால், உட்புகுந்த ஐதரசன் பெரும்பாலும் வெளியேறும். மோட்டார் வண்டிகளில், வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 700 மடங்கில் அதனை அடைக்கும் கலங்களுக்குப் பிளாத்திக்கு உட்சுவரும் காபன் நார்ச் சுற்றும் இடுகின்றனர்.

ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுத்தல் வேண்டும். பொறியியல் பயிலப்போகும் வாலிபர்காள்! ஓர் உலோகம் எவ்வளவு பாரந் தாங்கும் என்று மாத்திரம் கேளாதீர்கள். எதன் மத்தியில், எத்தனை காலம் தாங்கும் என்றும் கேளுங்கள். அவ்வினாவிலே பல உயிர்கள் தங்கியுள்ளன.