கொள்ளைநோயின் வழியும் நம் கணக்கும்



கல்வியின் பயன் குறித்துப் பேசுமாறு பணித்தீர்கள். கொள்ளைநோய் ஒரு மாவட்டத்திலிருந்து மற்றொரு மாவட்டத்திற்குப் பரவும் வழியை முன்கூட்டிக் கூறும் கணக்கைக் கொண்டு அதனை விளக்க விழைகிறேன்.

நோயுற்ற ஒருவர் இருவருக்கு நோயைத் தருவாராயின், பத்தாம் படியில் மட்டும் 1,024 பேர் நோயுறுவர். நால்வர் சேர்ந்து இருவருக்கே தருவாராயின், நோய் தானே அவிந்துபோகும். கெர்மாக், மெக்கெண்ட்ரிக் என்னும் அறிஞர் இருவர் 1927இல் இதனைச் சமன்பாடாக்கி, 1905–06இல் பம்பாயில் பிளேக்கினால் நேர்ந்த மரணங்களோடு ஒப்பிட்டுக் காட்டினர்.

மாவட்டங்களுக்கிடையே பரவுவதைக் கணிக்க, யார் எங்கிருந்து எங்கே செல்கின்றனர் என்பதும் தெரிதல் வேண்டும். ஊர் பெரிதானால் போக்குவரத்து மிகும், தொலைவு கூடினால் குறையும் என்று பொதுவாகக் கொள்வர். ஆயினும் 2020 மே மாதத்தில், கோயம்பேடு அங்காடியின் தொழிலாளரும் வணிகரும் ஊர் திரும்பியபோது, கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் கொரோனாத் தொற்று சில நாள்களிலேயே பெருகிற்று. அரியலூர் சென்னைக்கு அண்டை மாவட்டம் அன்று. மைல்கல் காட்டாத வழியை உழைப்பாளியின் கால் காட்டிற்று.

நம் பகுதியை நோக்குங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாயிற்று. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. தோல் தொழிற்சாலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் வேனில் நெருங்கி அமர்ந்து செல்லும் நம் பெண்கள் அவ்வெல்லையைக் கடக்கின்றனர். கிருமிக்கு எல்லைக்கோடு தெரியாது. அந்த வேன் கணக்கில் ஏறாவிடில் கணிப்புப் பிழைபடும். தடுப்பூசி முகாமும் வேறிடம் செல்லும்.

இதற்கு நம் மண்ணிலேயே முன்மாதிரி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான் முதலியோர், பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் 1980களில் ஒரு திட்டம் வகுத்தனர். குறித்த நோய்களைக் கண்ட மருத்துவர் ஓர் அஞ்சலட்டை எழுதுவார்; வந்த அட்டைகளைத் தொகுத்து நோயின் போக்கை அறிவர். அஞ்சலட்டையே கருவி!

ஆனால் மருத்துவரிடம் செல்லாதவருக்கு அட்டை ஏது? ஒரு நாள் கூலி போகுமே எனக் காய்ச்சலோடு வேலைக்குச் செல்பவரும், பதியப்படாது புதைக்கப்படுபவரும் கணக்கில் பூச்சியமே. பூச்சியம் என்றால் அத்தெருவில் நோயில்லை என்றே கணிதம் கொள்ளும்.

எண்ணினால் தெருவைத் தகரத்தால் அடைப்பர், நம்மையே பழிப்பர் என அஞ்சுவோர் உளர். அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆயினும் எண்ணப்படாத தெருவை ஊசியும் மருந்தும் நாடி வாரா. எண்ணுபவர் நம்மவராக இருத்தலே அவ்வச்சத்திற்கு மருந்து. 1891 குடிக்கணக்கின்போது நம் மக்களைச் சாதியற்ற திராவிடர் எனப் பதியுமாறு வலியுறுத்திய அயோத்திதாசப் பண்டிதர், கணக்கேட்டின் ஆற்றலை அன்றே உணர்ந்திருந்தார்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். பிறப்பையும் இறப்பையும் 21 நாள்களுக்குள் தவறாது பதிவு செய்யுங்கள். சங்கத்தின் உதவியால் மேற்படிப்பிற்குச் செல்வோருள் சிலரேனும் புள்ளியியல் பயிலட்டும். வரும் நாளில் நோயின் வழியைக் கணிப்பவர் நடுவே, இந்த வேன்களின் தடம் அறிந்த ஒருவர் அமர்ந்திருத்தல் வேண்டும்.