வீட்டைக் காலி செய்யும் முறை



நம்மவர் பலர் வாழும் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டிய தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970ஆம் ஆண்டில் தோன்றியது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. அது கட்டிய பழைய கட்டடங்கள் பல இன்று தளர்ந்துவிட்டன. 2021 டிசம்பர் 27ஆம் நாள் திருவொற்றியூரில் 24 வீடுகள் இடிந்து வீழ்ந்தன. குடியிருந்தோர் சற்று முன்னரே வெளியேறியதால் உயிர் தப்பினர். ஆகவே, மறுகட்டுமானத்திற்கென இடம்பெயரச் சொன்னால் நாம் இசைவோம். ஆயினும், வீட்டை விட்டு வெளியேறுங்கால் உரிமையையும் விட்டு வெளியேறலாகாது.

நம் உரிமைக்குச் சான்று ஒதுக்கீட்டு ஆணையேயாகும். அது மறைந்த பெற்றோர் பெயரில் இருப்பின், காலி செய்யுமுன்னரே வாரிசுச் சான்றிதழுடன் பெயர் மாற்றம் கோரி மனுச் செய்திடல் வேண்டும். வாடகை, தவணை, மின் கட்டணம் ஆகியவற்றைச் செலுத்தி இரசீதுகளைப் பேணுவோமாக. சாவியை யாரிடம், எந்நாளில் ஒப்படைத்தோம் என்பதற்கு எழுத்து மூலம் ஒப்புகை பெறுவோமாக. இடைக்கால வாடகைக்கென வழங்கப்பெறும் கருணைத் தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ரூபாயாக உயர்ந்தது; அதற்குக் கையொப்பமிடுமுன் தாளில் உள்ளதை முழுதும் படித்தறிவோமாக. மீண்டும் வீடு கிடைக்கும் என்னும் வாய்ச்சொல் போதாது. கதவெண் குறித்த எழுத்தாணையைக் கேட்போமாக.

வாடகை வீட்டை நிலையாக விட்டுச் செல்வோர், வெற்றுத்தாளில் எழுதிப் பிறருக்கு விற்றுவிடுதல் தகாது. வாரியத்திடமே எழுதிக் கொடுத்து ஒப்படைத்தலே முறை.

இளைஞர்களே! மனு எழுதவறியாத மூதாட்டியர் நம் குடியிருப்பில் இன்றும் உளர். அவர்கட்கு எழுதிக் கொடுத்து, உடன் சென்று, ஒப்புகை பெற்றுத் தருவதே இச்சங்கம் ஊட்டிய கல்விக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.