தேடலுக்கும் சந்தா: கொடுக்கலாமா?

(பெங்களூரு காக்ஸ் டவுனில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரை)



இணையத்தில் ஒன்றைத் தேடிப் பார்ப்பதற்கு மாதச் சந்தா செலுத்துவது தகுமா என்ற கேள்வி இக்கிளையில் எழுந்திருக்கிறது. ஒயிட்ஃபீல்டில் மென்பொருள் வேலை பார்க்கும் இளந்தோழர் ஒருவர் காகி என்னும் தேடுபொறிக்கு மாதந்தோறும் 10 டாலர் கட்டிவருகிறார். கிளை அலுவலகக் கணினிக்கும் அதை வாங்கலாம் என்பது அவர் யோசனை. "கூகுள் சும்மா கொடுப்பதற்கு அமெரிக்காவுக்குக் காசு அனுப்புவானேன்?" என்று மூத்த தோழர் ஒருவர் கேட்டார். அந்தச் 'சும்மா' என்ற சொல்லைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டின் 2024ஆம் ஆண்டு வருவாய் 35,000 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 26,400 கோடி விளம்பரத்தால் வந்தது. விளம்பரதாரர் அந்தப் பணத்தைத் தம் வீட்டிலிருந்து கொண்டுவரவில்லை. சோப்பின் விலையிலும் காப்பீட்டுத் தவணையிலும் ஏற்றியே கொடுக்கிறார். எனவே தேடுகிறவர் ஏற்கெனவே சந்தா கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். ரசீது மட்டும் அவர் கைக்கு வருவதில்லை. விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி பயனாளரை விட்டு விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று 1998இல் எழுதியவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்லர். கூகுளை நிறுவிய பிரின்னும் பேஜும் தம் ஆய்வுக் கட்டுரையின் பிற்சேர்க்கையில் எழுதியது அது. பிறகு இருவரும் அதே வழியில் உலகப் பணக்காரர் ஆனார்கள்.

இந்தச் சாய்வின் விலையைக் கொடுப்பவர் யார்? வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடும் ஓய்வூதியர், பக்கத்தின் மேலே நிற்கும் போலி எண்ணை அழைத்துச் சேமிப்பை இழக்கிறார். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பவர் அரசுத் தளம் போலத் தோன்றும் தரகர் தளத்தில் இருமடங்கு கட்டணம் கட்டுகிறார். இவை நாள்தோறும் செய்தித்தாளில் வருபவை. எது விளம்பரம், எது விடை என்று பிரித்தறியும் பழக்கம் இல்லாதவரே பெரும்பாலும் வலையில் விழுகின்றனர். அவர்கள் உழைக்கும் மக்கள்.

விளம்பரத்துக்கும் செய்திக்கும் உள்ள உறவு இடதுசாரி இயக்கத்துக்குப் புதிதன்று. 1917 செப்டம்பரில் பத்திரிகைச் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய லெனின், முதலாளித்துவ ஏடுகள் பரவுவதற்கு அடித்தளம் தனியார் விளம்பர வருவாயே என்று காட்டினார். விளம்பரத்தை அரசின் ஏகபோகமாக்க வேண்டும் என்றார். அதே நவம்பரில், புரட்சி நடந்த சில வாரங்களுக்குள், அதற்கான ஆணை பிறந்தது. அந்த ஆணையின் பிற்கால வரலாறு இங்கே வேண்டியதில்லை. நோயை எங்கே கண்டார் என்பதே முக்கியம். 1937இல் தொடங்கிய ஜனசக்தி முதல் இன்றைய கட்சி ஏடுகள் வரை, தோழர்கள் வீடு வீடாகச் சென்று சந்தா சேர்ப்பதன் காரணமும் அதுவே. வாசகரிடம் காசு வாங்கும் ஏடு வாசகருக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே தேடலுக்குச் சந்தா என்பது கொள்கையளவில் பிழையன்று. இளந்தோழர் இங்கே கட்சி மரபின்படியே நடக்கிறார் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் கட்சி ஏட்டின் சந்தாதாரருக்கு மாநாட்டில் பேச உரிமை உண்டு; காகியின் சந்தாதாரருக்கு விலகும் உரிமைதான் உண்டு. விளம்பரம் இல்லை, பின்தொடர்தல் இல்லை என்பது அதன் உறுதிமொழி. மாதம் 5 டாலருக்கு 300 தேடல்கள், 10 டாலருக்கு வரம்பின்றித் தேடலாம். 2022இல் சந்தா முறையைத் தொடங்கி, 2025இல் 50 ஆயிரம் சந்தாதாரரைக் கடந்தது. பெங்களூரு ஆடை ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு 10 டாலர் என்பது ஏறத்தாழ இரண்டு நாள் கூலி.

அந்தப் பணம் போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். இணையம் முழுவதையும் வாசித்துத் தொகுத்துவைக்கும் அட்டவணைதான் தேடுபொறியின் உயிர். அதைப் பெரிய அளவில் சொந்தமாக வைத்திருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சில நிறுவனங்களே. சிறிய தேடுபொறிகள் அவர்களிடம் விடைகளை விலைக்கு வாங்கி, வடிகட்டி, அடுக்கித் தருகின்றன. காகி விடை வாங்குமிடங்களில் ரஷ்யாவின் யாண்டெக்ஸும் ஒன்று. உக்ரைன் போரைக் காரணம் காட்டிச் சந்தாதாரர்கள் எதிர்த்தபோது, விடையின் தரத்தையே பார்ப்போம், அரசியலைப் பார்க்கமாட்டோம் என்று நிறுவனர் மறுத்துவிட்டார். அரசியலற்ற பண்டம் என்று ஒன்று உண்டா என்ன! இதைக் கேட்டுக் கூகுளுக்கே திரும்பலாம் என்றால் அங்கும் தூய்மை இல்லை. 2021இல் அமேசானோடு சேர்ந்து இஸ்ரேல் அரசுடன் 120 கோடி டாலர் மதிப்புள்ள நிம்பஸ் ஒப்பந்தத்தைச் செய்துகொண்டது கூகுள். 2024 ஏப்ரலில் அதை எதிர்த்து அலுவலகத்தில் அமர்ந்து போராடிய ஊழியர்களையும் அவர்களோடு நின்றவர்களையும், ஏறத்தாழ 50 பேரை, வேலையைவிட்டு நீக்கியது. அறத்தராசில் நிறுத்தால் எந்தத் தட்டும் லேசாக இல்லை.

சந்தைக்குள்ளேயே மாற்றுக் கிடைக்கும் என்ற நம்பிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பதை நீவாவின் கதை சொல்லும். அதன் நிறுவனர்களுள் ஒருவர் சென்னை ஐஐடியில் படித்த ஸ்ரீதர் ராமசாமி. கூகுளில் 15 ஆண்டுகள் இருந்து, அதன் விளம்பரத் துறைக்கே தலைமை வகித்தவர். விளம்பரத்தின் கேட்டை உள்ளிருந்தே கண்டு வெளியேறி, 2019இல் விளம்பரமில்லாத தேடுபொறியை நிறுவினார். சந்தா மாதம் 5 டாலருக்குச் சற்றுக் குறைவு. 2023 ஜூனில் அது மூடப்பட்டது. மூடும்போது அவர்கள் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது: சந்தா கட்டச் செய்வதைவிட, புதிய தேடுபொறியை ஒருமுறை முயன்று பார்க்கச் செய்வதே கடினமாக இருந்தது. மக்களின் சோம்பல் என்று இதை எண்ணிவிடக் கூடாது. திறன்பேசியிலும் உலாவியிலும் இயல்பாகத் தன் தேடுபொறியே இருப்பதற்குக் கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிப்பட்டது. 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா அதைச் சட்டவிரோத ஏகபோகம் என்றே தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு அவர் விதித்த பரிகாரமோ மென்மையானது. குரோம் உலாவியை விற்க வேண்டியதில்லை என்றாயிற்று. இந்தியாவிலும் சென்னையின் மேட்ரிமோனி நிறுவனமும் கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் 2012இல் கொடுத்த புகார்களின் மேல், போட்டி ஆணையம் 2018இல் 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தக் கம்பெனிக்கு அது யானைக்கு எள்ளுருண்டை.

இனி பெங்களூருக்கு வருவோம். 2024 கோடையில் நகரம் தண்ணீரின்றித் தவித்தபோது, வசதியுள்ள அடுக்ககங்கள் லாரித் தண்ணீர் வாங்கிக்கொண்டன. வாங்கியது குற்றமில்லை, தாகம் தாகம்தான். ஆனால் லாரி வந்த வீடுகளிலிருந்து குடிநீர் வாரிய அலுவலகத்தின் முன் மறியலுக்கு வந்தவர் எத்தனை பேர்? சந்தாத் தேடுபொறி லாரித் தண்ணீர் போன்றது. அதை வாங்கியவருக்குத் தெளிந்த விடை கிடைக்கிறது. பொதுக்குழாயில் வருவது கலங்கல் என்பது நாளடைவில் அவருக்கு மறந்துபோகிறது.

பொதுக்குழாய் என்பது வெறும் உவமையில்லை. தேடித் தருவதைப் பொதுப்பணியாகக் கருதிய ஒரு தமிழர் இந்த நகரத்தில்தான் கடைசிக் காலத்தைக் கழித்தார். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் விதிகளுள் ஒன்றாக 1931இலேயே வகுத்தவர். 1948இன் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அவர் உழைப்பு இருந்தது. 1962இல் ஆவணவியல் ஆய்வு பயிற்சி மையத்தைப் பெங்களூரில் நிறுவி, 1972இல் இங்கேயே மறைந்தார். அச்சட்டமும் கர்நாடகத்தின் 1965ஆம் ஆண்டுச் சட்டமும் சொத்துவரியோடு நூலக வரியை வசூலிக்கின்றன. மக்கள் எல்லோரும் சேர்ந்து கட்டும் சந்தா அது. வசூலித்த வரியை நூலகத் துறைக்குக் கொடுக்காமல் பெங்களூரு மாநகராட்சி நிலுவை வைத்தது பலமுறை செய்தியாயிற்று. ஐரோப்பாவில் 14 நிறுவனங்கள் பொதுப்பணத்தில் 85 லட்சம் யூரோ பெற்று, 2022இல் திறந்த இணைய அட்டவணை ஒன்றைக் கட்டத் தொடங்கின. கூகுள் ஓராண்டில் தன் இடத்தைக் காக்கச் செலவிட்டதோடு ஒப்பிட்டால் இது சில்லறை. ஆனாலும் கட்ட முடியும் என்பதற்கு அது சான்று.

தமிழுக்கு இந்தத் தேவை இன்னும் கூடுதல். 'வீடு' என்று தேடுகிறவருக்கு 'வீட்டிலிருந்து', 'வீட்டுக்குள்ளும்' என்பவையும் அகப்பட வேண்டும். பழைய எழுத்துருக்களில் அடைபட்டுக் கிடக்கும் பக்கங்களும், படமாக மட்டுமே உள்ள நூல்களும் தேடலில் சிக்குவதில்லை. விளம்பரத்துக்குப் பெரிய சந்தை இல்லாத இடத்தில் எந்தக் கம்பெனியும் இதற்காக மெனக்கெடாது. 50 ஆயிரம் சந்தாதாரரைக் கடந்த கம்பெனியாலும் முடியாது. தமிழ், கன்னடத் துறைகள் உள்ள பல்கலைக்கழகங்களிடமும் இரு மாநில அரசுகளிடமும் இதைக் கோரிக்கையாக வைக்க வேண்டியது கட்சியின் வேலை.

கிளைக்கு முன் உள்ள யோசனைக்கு விடை சுருக்கமானது. தம் கூலியிலிருந்து கட்டும் தோழரைக் குறைசொல்ல இடமில்லை. அவர் வேலைக்கு அது கருவி. அலுவலகக் கணினிக்கு இப்போது வேண்டாம். அங்கே பெரிதும் தேடப்படுவது அரசாணையும் தொலைபேசி எண்ணும்தான். அதற்கு அரசுத் தளங்களின் சரியான முகவரிகளை எழுதிச் சுவரில் ஒட்டினாலே போதும். அந்தத் தாளைக் காக்ஸ் டவுன் சந்தைப் பகுதியில் வீடுதோறும் தமிழிலும் கன்னடத்திலும் கொடுக்கலாம். மொழிபெயர்ப்புக் குழுவில் இருவருக்கு மட்டும் 5 டாலர் திட்டத்தை மூன்று மாதம் எடுத்து, 300 தேடல்களில் எத்தனை தமிழில் பலித்தன என்று கணக்கெழுதி அடுத்த கூட்டத்தில் வைக்கட்டும். நூலக வரி நிலுவை பற்றிய மனுவின் வரைவை அதே கூட்டத்துக்குள் இளந்தோழரும் மூத்த தோழரும் சேர்ந்து தயாரிக்கலாம்.