நின்ற தேரும் ஓடும் மிதிவண்டியும்



பத்தாண்டு நிறைவு விழாவில் ஈகை பற்றி உரையாற்றுமாறு பணித்தார்கள். ஈகை என்றதும் நம் நினைவில் எழுபவன் பாரி. கொழுகொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரை ஈந்தான். அத்தேர் அங்கேயே நின்றது. கொடிக்கு வேண்டியதும் அதுவே. மனிதர்க்கு ஊர்தி ஈவோர்க்கோ வேறொரு கடமை உண்டு. ஈந்த பின்னும் அது ஓட வேண்டும். அக்கடமையை உணர்ந்த தொண்டர்களைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

பயன்படுத்திய மிதிவண்டிகளைத் திரட்டி ஏழை நாடுகளுக்கு அனுப்பும் 'பெடல்ஸ் ஃபார் புரோகிரஸ்' என்னும் அமைப்பு 1991-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் தோன்றியது. நிறுவியவர் டேவிட் ஷ்வைடன்பேக். அவர் எக்குவடோர் நாட்டில் அமைதிப்படைத் தொண்டராக இருந்தவர். அவருக்குக் குடியிருக்க இடம் தந்த தச்சர் ஒருவர், அண்டை அயலாரினும் மிகுதியாகப் பொருள் ஈட்டினார். ஏனையோர் நடந்து செல்லும் தொலைவிற்குள்ளேயே வேலை தேட, தச்சர் மிதிவண்டியில் அதற்கப்பாலும் சென்று வந்தார். தாயகம் திரும்பியவர், நல்ல மிதிவண்டிகள் குப்பைக்குப் போவதைக் கண்டார். அங்கே பிறந்தது அமைப்பு.

தொண்டர்களின் பணி எளியது; கை அழுக்காகும் பணி. மிதிவண்டிகளைப் பெற்று, ஸ்பேனர் கொண்டு பெடல்களைக் கழற்றி, ஹேண்டில்பாரைச் சக்கரத்தின் போக்கிலேயே திருப்பி வைக்கின்றனர். இவ்வாறு ஒடுக்கினால்தான் ஒரே கப்பற்பெட்டகத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் அடங்கும். மிதிவண்டி தருவோரிடம் கப்பற்கூலிக்கென ஒரு சிறு தொகையும் கேட்கின்றனர். பொருளும் தந்து பணமும் தருவதா எனச் சிலர் வினவலாம். அத்தொகையும் உழைப்பும் இல்லையேல் அது வீட்டை ஒழிப்பதாகுமே தவிர ஈகையாகாது.

கப்பல் சேரும் நாட்டில், உள்ளூர் அமைப்பினர் கோட்டம் எடுத்து, டியூப் மாற்றி, பால்ரஸ் புதுப்பித்துக் குறைந்த விலைக்கு விற்கின்றனர். அவ்வருவாய் அடுத்த பெட்டகத்திற்கு உதவுகிறது. பழுதுபார்ப்போர்க்கும் பிழைப்பு கிடைக்கிறது. ஈந்த பொருளை விற்பது முறையோ எனும் ஐயம் நமக்கு எழுவது இயல்பே. வள்ளுவர் ஈகையை 23-ஆம் அதிகாரமாகவும், ஒப்புரவறிதலை அதற்கு முன் 22-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஒப்புரவிற்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று ஊருணி. ஊருணியில் நீர் முகப்பவர் எவரும் இரவலர் அல்லர். தம்மால் இயன்ற விலை தந்து பெற்றவரும் அவ்வாறே தலைநிமிர்ந்து உரிமையாளராகிறார்.

வண்டி மட்டும் போதாது என்பதற்கு நம் புதுக்கோட்டையே சான்று. 1990-களின் தொடக்கத்தில், ஷீலாராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்களுக்குக் கற்பித்தது. பேருந்துக்கும் ஆடவர் துணைக்கும் காத்திருந்த பெண்கள், தம் பொழுதைத் தாமே ஆளத் தொடங்கினர். அங்கே வண்டியினும் மேலான கொடை, பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிய கைகளே.

நம் வீட்டுப் பின்கட்டிலும் துருவேறிய மிதிவண்டி ஒன்று இருக்கலாம். அதை எவருக்கேனும் கொடுக்கும் முன், பிரேக் பிடிக்கிறதா, சங்கிலி ஓடுகிறதா எனப் பாருங்கள். பழுது நீக்கிக் கொடுங்கள். ஈகையைப் பாடும் நம் கைகளில் சிறிது மசகெண்ணெயும் படியட்டும். சக்கரமும் ஒரு வட்டமே. நம் வட்டமும் நில்லாது உருள்க என வாழ்த்தி அமைகிறேன்.