தாமரைத் தடாகமும் பின்லாந்தும்

என் பேத்தி மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பயில்கிறாள். அங்கே டிசம்பரில் பிற்பகல் 3.15 மணியளவிலேயே கதிரவன் மறைகிறான். ஜூனிலோ இரவு 11 மணியை நெருங்கிவிடும். இரவுண்ணாமையைக் காப்பதெப்படி? குளிர்காலத்தில் மதிய உணவையே நாளின் இறுதி உணவாக்கிக்கொண்டாள். கிழங்கு விலக்கியவளுக்கு உருளைக்கிழங்கு மலிந்த நாட்டில் அதுவும் பெரும்பாடுதான்! உடன் பயில்வோர் காரணம் வினவினர். அவள் விரிவுரை ஆற்றவில்லை. சித்தன்னவாசல் விதான ஓவியத்தைக் காட்டினாள். மீன், அன்னம், எருமை, யானை, மலர் கொய்யும் மாந்தர் யாவும் ஒரே தடாகத்தில், எவ்வுயிரும் நெருக்குண்ணாமல் அமைந்த நேர்த்தியை நெடுநேரம் வியந்தனராம். அவ்வமைப்பைத் தழுவித் துணியில் அச்சிடலானாள். தரைவிரிப்புக்கும் அதையே வேண்டினாள் ஒரு தோழி. சமவசரணத்துப் பொய்கையென அறிஞர் கருதுவதைக் காலடியில் இடுவதா? மறுத்துவிட்டாள். தோழி சுவர்த்திரைக்கு இசைந்தாள்.