சட்டமா? சாமானியனா?

நடுவர் அவர்களே! பத்திரிகைச் சுதந்திரத்தைத் தந்தது சட்டம்தான் என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டு உட்கார்ந்தார். நான் கேட்கிறேன், எந்தச் சட்டம் ஐயா?

நியூயார்க் அன்றைக்கு ஆங்கிலேயர் காலனி. ஆளுநர் காஸ்பியின் அட்டூழியங்களை ஒரு வாரப் பத்திரிகை கிழி கிழின்னு கிழித்தது. எழுதினவங்க சொந்தப் பேரைப் போடலை. மாட்டிக்கிட்டவர் அச்சடித்த ஜான் பீட்டர் ஜெங்கர். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர். 1734 நவம்பரில் சிறை.

பத்திரிகை நின்றதா? சிறைக்கதவு ஓட்டை வழியாக அவர் சொல்லச் சொல்ல, மனைவி அன்னா நடத்தினாங்க! நம்ம வீட்டில பக்கத்தில நின்னு சொன்னாலே காதில விழாது! (சிரிப்பு)

அன்றைய சட்டம் என்ன? அரசைப் பழித்து எழுதினால், அது உண்மையே ஆனாலும் குற்றம்! ஜெங்கருக்காக வந்த இரண்டு வக்கீல்களையும் தலைமை நீதிபதி தொழிலைவிட்டே நீக்கினார்.

1735 ஆகஸ்டில் பிலடெல்பியாவிலிருந்து வந்தார் ஆண்ட்ரூ ஹாமில்டன். அச்சடித்தது உண்மை, அச்சடித்ததும் உண்மைதான் என்று வாதாடினார். அச்சடித்தாரா என்பதை மட்டும் பாருங்கள், மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார் நீதிபதி. ஜூரிகள் 12 பேரும் சாதாரண ஊர்க்காரர்கள். குற்றமில்லை என்று சொல்லிவிட்டார்கள்!

சட்டம் எப்போது மாறியது? உண்மையையும் எதிர்வாதமாகச் சொல்லலாம் என்று நியூயார்க் சட்டம் போட்டது 1805இல். 70 வருஷம் கழித்து!

சாமானியன் முன்னால் நடந்தான். சட்டம் பின்னால் வந்தது. நடுவர் அவர்களே, முன்னால் போனவனுக்கே தீர்ப்பு தாருங்கள்! (கைதட்டல்)