எழுத்திற் குறைந்த ஒரு கோடு

மாயக் கதையென்றால் அங்கே எதுவும் நடக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம். அமெரிக்க எழுத்தாளர் பிரண்டன் சாண்டர்சனின் வாசகர்கள் அப்படி எண்ணுவதில்லை. வெவ்வேறு உலகங்களில் நிகழும் அவருடைய நாவல்கள் பல, 'கொஸ்மியர்' என்னும் ஒரே அண்டத்தைச் சேர்ந்தவை. அங்கே மந்திரம் விதிக்கு உட்பட்டே இயங்கும். அவ்விதிகளைக் கொண்டு, ஆசிரியர் இன்னும் சொல்லாததை வாசகர்கள் ஊகிக்கிறார்கள்.

2005இல் வெளிவந்த 'எலன்ரிஸ்' நாவலில் மந்திர எழுத்துகள் திடீரெனப் பலிக்காமற் போகின்றன, நகரமே சீரழிகிறது. அவ்வெழுத்துகள் அந்நாட்டு நிலத்தின் வடிவைத் தழுவியவை. நிலநடுக்கத்தால் தரையில் ஒரு பெரும் பிளவு விழுந்துவிட்டது. அப்பிளவையும் ஒரு கோடாகச் சேர்த்து எழுதியதும் மந்திரம் பலிக்கிறது! கவனமாக வாசித்தவர் இதை முன்கூட்டியே கண்டிருக்கலாம். இப்படி இடம் வைத்து எழுதுவது வாசகனுக்குச் செய்யும் மரியாதை.

ஆனால், ஆசிரியர் நேரிற் கூறும் பதில்களையும் திரட்டிச் சிலர் சான்றாக்குகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. நூலில் இல்லாத விடையைக் கேட்டுப் பெற்றபின் ஊகிக்க என்ன இருக்கிறது? சாண்டர்சனே பல கேள்விகளுக்கு, 'வாசித்து அறிக' என்னும் பொருள்பட அச்சிட்ட அட்டையொன்றைத்தான் கையிற் கொடுக்கிறார்.